ஆய்வேடும் ஆச்சி போட்டோவும் தொலையாமல் இருக்க

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்த மழையை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரையைத் தாண்டி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளும் புகுந்தது. தண்ணீர் வடிந்து நாலைந்து நாள் கழித்து, பல்கலைக்கழகத்தில் என் அறைக்கு ஓர் ஆய்வு மாணவி வந்தார். வீடு சிந்துபூந்துறையில். கையில் ஒரு தோள்பை. உள்ளே லேப்டாப், அதோடு ஒட்டினாற்போல ஒரு ஹார்டு டிஸ்க். இரண்டின் இடுக்குகளிலும் ஆற்று வண்டல் காய்ந்து அப்பியிருந்தது.

"பேக்கப் எடுத்துதான் சார் வச்சிருந்தேன்" என்றார்.

உண்மைதான், எடுத்துதான் வைத்திருந்தார். அதே பையில்.

அவர் ஆய்வு வில்லுப்பாட்டைப் பற்றியது. மூன்று வருஷமாகச் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களுக்கெல்லாம் போய், விடிய விடிய உட்கார்ந்து பதிவு செய்தவை அந்த டிஸ்க்கில் இருந்தன. அதில் ஒரு புலவர் அந்த வருஷம் ஆடியில் இறந்துவிட்டார். ஆய்வேட்டை மறுபடி எழுதிவிடலாம். அந்தப் புலவரின் குரலை யாரிடம் போய் மறுபடி வாங்குவது?

நான் இங்கே சிஸ்டம் அட்மினாக 19 வருஷமாக இருக்கிறேன். சர்வர், நெட்வொர்க், லேப், பிரிண்டர் என்று எல்லாம் என் தலையில்தான். இத்தனை வருஷத்தில் என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பேக்கப் விஷயமாக வந்தவர்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டாம். மாசத்துக்கு அரை மணி நேரம் போதும்.

எது போனால் திரும்பக் கிடைக்காது?

முதலில் ஒரு தாளை எடுத்து இதற்குப் பதில் எழுதுங்கள். சினிமாவும் சாஃப்ட்வேரும் இணையத்திலிருந்து இறக்கிய புத்தகமும் வேண்டாம், அவை எங்கேயாவது கிடைக்கும். நீங்கள் எழுதியது, நீங்கள் எடுத்த போட்டோ, நீங்கள் பதிவு செய்த குரல், கள ஆய்வுக் குறிப்பு, பத்திரம் பட்டாவின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்: இவ்வளவுதான் பட்டியல். எழுதிப் பார்த்தால் எல்லாருக்கும் ஆச்சரியமாக இருக்கும். "எங்கிட்ட 500 ஜிபி இருக்கு சார்" என்று சொன்னவரிடம் உண்மையில் காப்பாற்ற வேண்டியது 30 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

அப்புறம் அந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். டெஸ்க்டாப்பில் பாதி, டவுன்லோடில் கொஞ்சம், டி டிரைவில் மிச்சம் என்று கிடந்தால் எந்த பேக்கப்பும் முழுசாக இருக்காது.

ஃபைல் பெயர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'கைடு பார்த்த ஃபைனல்' என்று பெயர் வைக்காதீர்கள். ஒரு மாணவர் திருத்தம் போடாத அத்தியாயத்தைத் திருத்தியது என்று நினைத்து பைண்டிங்குக்குக் கொடுத்து, ஐந்து பிரதியையும் பிரித்து மறுபடி கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். தேதியைப் பெயரின் முன்னால் போடுங்கள். முதலில் வருஷம், அடுத்து மாசம், கடைசியில் நாள். 2024-06-01 என்று எழுதினால் கம்ப்யூட்டரே வரிசையாக அடுக்கிக் காட்டும். நாளை முன்னால் போட்டால் எல்லா மாசத்து 1-ம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும்.

மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்

பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய ஒரு கணக்கு உண்டு. 3-2-1 என்பார்கள். மொத்தம் மூன்று பிரதி. அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். இருபது வருஷம் ஆகப்போகிறது, இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிடவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் கூடுதலாக ஒன்று சொல்வேன். மூன்று பிரதியும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கக் கூடாது. வண்ணார்பேட்டையில் ஒன்று, பக்கத்துத் தெருவில் அத்தை வீட்டில் ஒன்று என்று வைத்தால் தனித்தனி வீடுதான், ஆனால் வெள்ளம் ஒன்று. பாபநாசத்தில் திறந்துவிட்ட தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் தாண்டி புன்னைக்காயல் வரைக்கும் போகிறது. உங்கள் அக்கா சங்கரன்கோவிலில் இருந்தால், தம்பி மதுரையில் இருந்தால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வாருங்கள். பலகாரம் கொடுத்துவிடுகிறோம், இதைக் கொடுத்துவிட என்ன? இரண்டு டிஸ்க் இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் போய்வரும்.

வீட்டிலும் இடம் பார்த்து வையுங்கள். பழைய வீடுகளில் உள்ளறையான அரங்குக்குள் இருக்கும் பெட்டியில்தான் பத்திரம், நகை எல்லாம் வைப்பது வழக்கம். திருடனுக்கு அது சரி. தண்ணீருக்கு மச்சுதான் சரி. ஜிப் வைத்த பாலித்தீன் கவர் ஒன்றுக்குள் இன்னொன்றாக இரண்டு போட்டு, மேலே பேரும் தேதியும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.

எதை வாங்குவது என்று கேட்பார்கள். வைத்துப் பாதுகாக்க வெளியே செருகும் சாதாரண ஹார்டு டிஸ்க் போதும், 1 டிபி தாராளம். பென்டிரைவ் கொண்டுபோகத்தான், வைத்திருக்க ஏற்றதில்லை. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தால் தாங்கும். ஆனால் கரண்ட் தொடர்பே இல்லாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அதில் உள்ளது அழிய வாய்ப்பு உண்டு. அதனால் தூரத்துப் பிரதிக்கு அது வேண்டாம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்று இருப்பதைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கைச் செருகி, 'ஆன்' செய்யுங்கள். டிஸ்க் செருகியிருக்கும் வரைக்கும் மணிக்கு ஒரு தடவை, மாறிய ஃபைல்களை அதுவே எடுத்து வைக்கும். நேற்றைய அத்தியாயம் வேண்டும், போன வாரத்து அத்தியாயம் வேண்டும் என்றாலும் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை. அது டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றைத்தான் தானாக எடுக்கும். நம் ஆட்கள் பலர் சி டிரைவ் போனால் எல்லாம் போய்விடும் என்று பயந்து டி டிரைவில் வைப்பார்கள். அதை அது தொடாது. அந்த ஃபோல்டரை லைப்ரரியில் சேர்த்தால்தான் எடுக்கும்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். முறைப்படி 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்ற வேண்டும். 2017 மே மாசம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் வந்தபோது கம்ப்யூட்டரில் இருந்ததை மட்டும் பூட்டவில்லை, அதில் செருகியிருந்த டிஸ்க்குகளையும் சேர்த்துப் பூட்டியது. மேசை மேல் செருகியே கிடக்கும் டிஸ்க் கம்ப்யூட்டரின் இன்னொரு மூலைதான். இடி மின்னலுக்கும் அது தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் லேப்பில் ஒரு இடிக்கு நாலு போர்டு போன நாள் உண்டு.

கூகுளில் இருக்கிறதே?

இந்தக் கேள்வி கேட்காதவர் இல்லை. இருக்கட்டும், நல்லதுதான். மூன்றில் ஒரு பிரதியாக அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரோடு 'சிங்க்' ஆகும் ஃபோல்டர் கண்ணாடி மாதிரி. நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே ஒரு ஃபைல் கெட்டால் கெட்டதுதான் அங்கேயும் போய் உட்காரும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் கிடையாது. ஒரு ஃபோல்டர் காணாமல் போனதை 30 நாளுக்குள் நாம் கவனிப்போமா? பெரும்பாலும் மாட்டோம்.

இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதுவும் மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1-க்கு முன்னால் போட்டோக்களை அளவில்லாமல் ஏற்றலாம் என்று இருந்தது. அந்த நினைப்பிலேயே இன்னும் பலர் இருக்கிறார்கள். இடம் நிறைந்துவிட்டால் புதுப் போட்டோ ஏறாது, மெயிலும் வராது. இரண்டு வருஷம் ஒரு கணக்கைத் திறக்காமலே விட்டால் அதை அழிக்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அப்பா காலமான பிறகு அவர் கணக்கில் இருக்கும் போட்டோக்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த மாதிரிக் கணக்குகளை இன்றைக்கே திறந்து, உள்ளே இருப்பதை இறக்கி வையுங்கள்.

அந்தக் கணக்குக்குள் போக ஓடிபி எந்த நம்பருக்கு வருகிறது என்றும் பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் சில மாசத்தில் வேறு யாருக்கோ போய்விடும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். வீட்டு பீரோவுக்குள் இருக்கும் நோட்டை ரஷ்யாவிலிருந்து யாரும் திருட முடியாது. எழுதி, வீட்டில் ஒருவருக்கு இடத்தைச் சொல்லி வையுங்கள். புது விண்டோஸ் லேப்டாப்பாக இருந்தால் அதே நோட்டில், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க எண்ணையும் எழுதுங்கள். பல லேப்டாப்களில் அது நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். சர்வீஸ் கடை அண்ணாச்சி மதர்போர்டை மாற்றிக் கொடுத்த பிறகு, திறந்ததும் அந்த எண்ணைக் கேட்கும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உங்களுக்கும் பூட்டுதான். மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போனால் அந்த எண் கிடைக்கும், இப்போதே போய்ப் பாருங்கள்.

திறக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை

தமிழ்த்துறை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். போன வருஷம் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் சிடி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய ஆய்வேடு, 1990-களின் கடைசியில் தட்டச்சு செய்தது. சிடி நன்றாக இருந்தது, ஃபைல் திறந்தது. உள்ளே ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக 300 பக்கம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் பரவும் முன்பு பாமினி, வானவில், டேப், டேம் என்று ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். அந்த ஃபாண்ட் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். தமிழக அரசே 2010-ல் யுனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருவில் அடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் ஆய்வேட்டைக் கடையில் அடிக்கக் கொடுத்தால், யுனிகோடில்தான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிடிஎஃப் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஒரு பத்தியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், குப்பையாக விழும். தேடினாலும் ஒரு சொல் கிடைக்காது.

பழைய ஃபைல் இருந்தால் மாற்றி மென்பொருளில் போட்டு யுனிகோடாக்கலாம், இலவசமாகவே நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு கண்ணால் படிக்க வேண்டும். முக்கியமாக ஔகாரத்தைப் பாருங்கள். 'கௌரி' என்பது 'கெ', 'ள', 'ரி' என்று மூன்று எழுத்தாகி உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடும்போதுதான் அகப்படாது. பேராசிரியரின் ஆய்வேட்டை அப்படி மாற்ற எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது. மூலத்தையும் அதன் ஃபாண்டையும் யுனிகோட் பிரதியையும் பிடிஎஃப்பையும் ஒரே ஃபோல்டரில் வைத்துக் கொடுத்தோம்.

ஏடு வைத்திருந்த காலத்திலும் இதே கதைதான். உ.வே.சா. இந்தச் சீமையில் வீடு வீடாக ஏடு தேடி அலைந்தவர். ஓலை செல்லரிக்கும் முன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் எழுதி வைத்ததால்தான் நமக்கு நூல்கள் கிடைத்தன. மூலத்தைப் பட்டுத் துணியில் சுற்றிவைத்துப் பூசை செய்த வீடுகளில் பூச்சிதான் மிஞ்சியது.

ஆச்சி போட்டோ

ஆச்சி, தாத்தா போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதுவும் வீட்டுக் கூடமான பட்டாசலில் சட்டம் போட்டு மாலையோடு தொங்கும். பல வருஷத்து ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். தயவுசெய்து உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பின்பலகையை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் சட்டத்தை இறக்கி, வீட்டு முன்பக்கத் தார்சாவில் வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் செல்லில் எடுக்கலாம். கண்ணாடியில் உங்கள் நிழல் விழாமல் இருக்க ஒரு கறுப்புத் துணியை உங்கள் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் போகும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அப்படியே போகும். அதுவே நாலு ஊரில் நாலு பிரதி.

நனைந்துவிட்டால்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். டிஸ்க்கைத் திறக்காதீர்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், வெயிலில் காய வைக்கவும் வேண்டாம். உள்ளே போன சேறு காய்ந்தால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே கவரில் போட்டு மூடி, டேட்டா மீட்கும் ஆட்களிடம் கொடுங்கள். செலவு ஆயிரங்களில் வரும், கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது.

எடுத்துப் பாருங்கள்

இதுவரை சொன்னதை எல்லாம் செய்தவர்களும் இந்த ஒன்றை விட்டுவிடுவார்கள். எனக்கு இதில்தான் மிகப் பெரிய வருத்தம்.

நான் முன்னால் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இரவு இரண்டு மணிக்கு பேக்கப் ஓடும். தினமும் தேதி போட்டு ஒரு ஃபைல் வரும். ஒரு நாள் கரண்ட் போய் வந்ததில் இன்டர்னல் மார்க் இருந்த டேட்டாபேஸ் கெட்டுவிட்டது. பதறாமல் போய் நேற்றைய பேக்கப்பை எடுத்தேன். 0 கேபி. முந்தின நாளும் 0 கேபி. பின்னாலேயே போனேன், ஐந்து மாசத்துக்கு முன்னால் டிஸ்க் நிறைந்த நாளிலிருந்து எல்லாமே வெறும் பெயர்தான். பிழை என்று தினமும் மெயில் போயிருக்கிறது, ஓய்வுபெற்றுப் போன ஒருவரின் முகவரிக்கு. ஆசிரியர்கள் மார்க் நோட்டை வைத்து மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தது இன்றைக்கும் மறக்கவில்லை.

உலகப் பெரிய கம்பெனிக்கும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பாதுகாப்பு வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. அங்கேயும் எச்சரிக்கை மெயில்கள் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்னால் வேறு காரணத்துக்காக ஒருவர் எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

எப்படிச் சோதிப்பது? மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் எடுப்பார்கள் அல்லவா, முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பெயரெல்லாம் போட்டு வரும். அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் பேக்கப் அறிவிப்பாக வைத்திருக்கிறோம். அன்று சாயங்காலம் டிஸ்க்கை எடுத்து, உங்களுடையது அல்லாத ஒரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். பெயரைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. ஏதாவது மூன்று ஃபைலைத் திறக்க வேண்டும். ஆய்வேடு என்றால் நடுவில் ஒரு பக்கத்துக்குப் போய் அடிக்குறிப்பு வரைக்கும் தெரிகிறதா பாருங்கள். ஒலிப்பதிவு என்றால் நடுவில் ஒரு நிமிஷமும் கடைசியில் ஒரு நிமிஷமும் கேளுங்கள், பாதியில் நின்றுபோன நகல் ஆரம்பத்தில் நன்றாகத்தான் பாடும். போட்டோ என்றால் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோல்டரின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். கால் மணி நேர வேலை.

அந்த மாணவியின் லேப்டாப்பிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் போன் செய்தார். இறந்துபோன புலவரின் மகன் கழுகுமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். முதல் வருஷம் பதிவு செய்தபோது, லோடு ஆட்டோவில் போட்டுக் கேட்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால், மாணவி ஒரு மெமரி கார்டில் மூன்று கதையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அது அந்த ஆட்டோவிலேயே இருந்திருக்கிறது. மாணவி கார்டை வாங்கிக்கொண்டு நேராக என் அறைக்குத்தான் வந்தார். செருகினோம். நடுவில் ஒரு இடத்தில் வைத்தேன். குடத்தில் தட்டும் சத்தம், உடுக்கை, அதன் மேல் ஏறி அந்த மனிதர் குரல். கொஞ்ச நேரம் கேட்டோம். பிறகு கடைசி நிமிஷத்துக்குத் தள்ளினேன், அங்கேயும் சுத்தமாக இருந்தது. மற்ற இரண்டு கதைகளையும் அதே மாதிரி பார்த்துவிட்டு, அன்றைக்கே மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று மாணவியின் புது லேப்டாப்பில், ஒன்று எங்கள் சர்வரில். இன்னொன்றை டிஸ்க்கில் ஏற்றி, ஸ்டிக்கரில் தேதி எழுதி ஒட்டி, மெமரி கார்டோடு சேர்த்துப் புலவரின் மகனுக்கே கொடுத்தனுப்பினோம்.